கேபிளின் இழுவைக் கணக்கை மக்கள் முன் வையுங்கள்

பெங்களூரின் பீன்யா மேம்பாலத்தை 2021 டிசம்பர் 25 அன்று மூடினார்கள். 102-வது தூணுக்கும் 103-வது தூணுக்கும் நடுவே, கான்கிரீட் கர்டரை இறுக்கிப் பிடித்திருந்த கேபிள்களில் பழுது. 2010-ல் திறந்த பாலம் அது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் வந்து பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விட்டார்கள். லாரியும் பஸ்ஸும் மறுபடி மேலே ஏற 2024 ஜூலை இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் தூண்களுக்கு இடையிலான 120 ஸ்பான்களிலும் புதிய கேபிள்கள் கோத்து இழுக்கப்பட்டன. தும்கூர் சாலையில் பிழைப்பு நடத்தும் லாரிக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அந்த இரண்டரை ஆண்டு என்ன செலவு வைத்தது என்று யாரும் கூட்டிச் சொல்லவில்லை.

செய்தி வந்த அன்றே என் மனதில் எழுந்த கேள்வி ஒன்றுதான். அந்தக் கேபிள்களை முதன்முதலில் இழுத்த நாளில் எழுதிய தாளில் என்ன இருக்கிறது?

நான் பெங்களூர் மர்பி டவுன்காரன். அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையத்துக் கிடங்கில் வேலை பார்த்தார். நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓய்வு பெறும்வரை பாலத் தளங்களில் கேபிள் இழுக்கும் வேலையை மேற்பார்த்தேன். கடப்பாறையும் கரணையும் பிடித்துக் கன்டோன்மென்டைக் கட்டிய தமிழர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் உள்ள பேட்டை இது. கன்டோன்மென்ட் பொறியாளர் ஒருவரின் பெயர்தான் இன்றும் எங்கள் முகவரியில் இருக்கிறது. பக்கத்தில் பழைய மெட்ராஸ் ரோட்டின் மேல் 2011 அக்டோபர் 20 முதல் மெட்ரோ ஓடுகிறது. மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நிற்கும்போது, “அண்ணே, இந்தப் பாலமெல்லாம் நிக்குமா?” என்று கேட்கிறார்கள். நிற்கும் என்று நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையைச் சொல்லி அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எண்ணைக் காட்டிச் சொல்ல வேண்டிய பதில் அது.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் பாரம் ஏறும் முன்பே, உறுதி மிகுந்த எஃகுக் கேபிளைக் கர்டருக்குள் பதித்த குழாயில் ஓடவிட்டு, ஹைட்ராலிக் ஜாக்கால் இழுத்து, முனையில் பூட்டிவிடுகிறோம். கேபிள் சுருங்கப் பார்க்கும். அந்த வேகத்தில் கான்கிரீட்டை அமுக்கி வைத்துக்கொள்ளும். பிறகு ரயில் ஏறினாலும் லாரி ஏறினாலும் அந்த அமுக்கம் குறையுமே தவிர, கான்கிரீட்டில் இழுவை தலைகாட்டாது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரெய்சினே 1928-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பு முயன்றவர்கள் சாதாரண இரும்பை இழுத்தார்கள். கான்கிரீட் நாளடைவில் சுருங்கியதும் இழுத்த விசை முழுவதும் கரைந்து போயிற்று. எவ்வளவு கரையும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் மிச்சம் இருக்கும்படி இழுத்ததுதான் அவருடைய சாதனை. ஆக, இழப்பைக் கணக்கிடுவதில் பிறந்த தொழில் இது. நம் பக்கத்தில் செங்கல்பட்டுக்கு அருகே பாலாற்றின் மேல் 1954-ல் முடிந்த பாலத்தைத்தான் இந்த முறையில் அமைந்த இந்தியாவின் முதல் நெடுஞ்சாலைப் பாலமாகப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இழப்புகள் பல வகை. கான்கிரீட் சுருங்குவது, எஃகு தளர்வது, பூட்டும்போது ஆப்பு உள்வாங்குவது எல்லாம் உண்டு. நான் இங்கே பேச வந்தது முதல் இழப்பைப் பற்றி, அதாவது உராய்வைப் பற்றி. ஜாக் இழுக்கும் முனையில் இருக்கும் விசை மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேராது. கேபிள் கர்டருக்குள் நேராகப் போவதில்லை. முனையில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, மறுபடி உயரும். வளையும் ஒவ்வொரு இடத்திலும் அது குழாயின் சுவரில் அழுந்தித் தேய்கிறது.

முரட்டுக் காளையின் கயிற்றை முளைக்குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிறுவன் பிடித்துக்கொள்ள முடிகிறதல்லவா? சுற்று கூடக் கூட, மறுபக்கம் போகும் விசை மடங்கு மடங்காகக் குறைகிறது. கேபிளுக்கும் அதே கணிதம்தான். இழுத்த விசையை, இயற்கை மடக்கையின் அடி எண்ணான ‘ஈ’-யின் எதிர் அடுக்கால் பெருக்க வேண்டும். அடுக்கில் இரண்டு உறுப்புகள் இருக்கும். ஒன்று, உராய்வுக் கெழுவைக் கேபிள் திரும்பிய மொத்தக் கோணத்தால் பெருக்கியது. மற்றொன்று, தள்ளாட்டக் கெழுவை நீளத்தால் பெருக்கியது. குழாய் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் கான்கிரீட் ஊற்றும்போது அங்கங்கே கொஞ்சம் நெளியும். அந்த நெளிவுக்கான கணக்குத்தான் தள்ளாட்டக் கெழு. இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 18 விதிநூல், உள்முகம் பளபளக்கும் உலோகக் குழாயில் ஓடும் ஸ்ட்ராண்டுக்கு (கம்பிகளை முறுக்கிய எஃகு வடத்துக்கு) இவற்றை 0.25, 0.0046 என்றும், நெளிவுள்ள ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்கு 0.17, 0.002 என்றும் தந்திருந்தது.

கெழுக்களை யாரும் மறப்பதில்லை. புத்தகத்தில் இருக்கின்றன, எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தவறு நடப்பது கோணத்தில்.

வரைபடத்தில் கேபிளின் பக்கவாட்டுத் தோற்றம் பெரிதாகப் போட்டிருக்கும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் எவ்வளவு வளைகிறது என்று அதில் தெரியும். மேலிருந்து பார்க்கும் தோற்றம் வேறொரு தாளில் சின்னதாக இருக்கும். நிஜத்தில் கேபிள் இடவலமாகவும் திரும்புகிறது. நடு ஸ்பானில் அடித்தட்டில் பரவிக் கிடக்கும் கேபிள்கள் முனைக்கு வரும்போது கர்டரின் ஒடுங்கிய செங்குத்துச் சுவருக்குள் ஏறியாக வேண்டும். அதற்கு ஒருமுறை திரும்பி, பிறகு நேராவதற்கு எதிர்ப்பக்கம் இன்னொருமுறை திரும்பும். இந்தத் திருப்பங்களும் உராய்கின்றன. குழாய்ச் சுவருக்கு மேல்கீழ், இடவலம் என்ற பேதம் கிடையாது. ஒரே வளைவில் 8 டிகிரி கீழாகவும் 6 டிகிரி பக்கமாகவும் திரும்பினால், பிதாகரஸ் கணக்குப்படி மொத்தத் திருப்பம் 10 டிகிரி. இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடந்தால் 14 டிகிரி. வரைபடத்தின் முதல் தாளை மட்டும் பார்த்தவர் 8 என்று எழுதிவிட்டுப் போவார். இன்னொன்றும் உண்டு. முதலில் இடமாகத் திரும்பியதையும் பிறகு வலமாகத் திரும்பியதையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, ‘கோணம் பூஜ்யம்’ என்று போடும் பிழை. உராய்வு எதையும் திருப்பித் தருவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டத்தான் வேண்டும்.

எண்ணைப் போட்டே காட்டிவிடுகிறேன். 40 மீட்டர் நீளக் கேபிள். 15.2 மி.மீ. ஸ்ட்ராண்ட் 19. ஒரு ஸ்ட்ராண்டின் அறுபடு விசை 260.7 கிலோநியூட்டன். அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே இழுத்தால், கேபிள் ஒன்றுக்கு ஏறக்குறைய 380 டன் வரும். மேல்கீழ் வளைவு இரண்டு பாதியிலும் எட்டெட்டாக 16 டிகிரி என்போம். பக்கத் திருப்பம் மும்மூன்று டிகிரியாக நான்கு இடத்தில், 12 டிகிரி. ஒருமுனையிலிருந்து மட்டும் இழுக்கிறோம், குழாய் பிளாஸ்டிக்.

பக்கத் திருப்பத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் மறுமுனைக்கு 88 விழுக்காடு, அதாவது 334 டன் போய்ச்சேரும். சேர்த்துக் கணக்கிட்டால் 85 விழுக்காடு, 323 டன். ஒரு கேபிளில் ஏறக்குறைய 12 டன் வித்தியாசம். ஒரு ஸ்பானில் பத்துக் கேபிள் என்றால் 120 டன் அமுக்கம், காகிதத்தில் இருக்கும், கான்கிரீட்டில் இருக்காது. பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் உலோகக் குழாய் போட்டுவிட்டு, கணக்கை மாற்றாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். சரியான கோணத்தோடு மறுமுனைக்கு 74 விழுக்காடுதான் போகும்.

“தளத்தில்தான் நீட்சியை அளக்கிறீர்களே, தெரிந்துவிடாதா?” என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜாக்கின் அழுத்தமானி ஒரு பக்கம், கேபிள் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்பது மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பதுதான் வழக்கம். என் மேற்சொன்ன கேபிளில், பக்கத் திருப்பத்தை மறந்தவர் எதிர்பார்க்கும் நீட்சி 270 மி.மீ. உண்மையில் வரப்போவது 265 மி.மீ. குறைவு 5 மி.மீ. ஐந்து விழுக்காடு என்பது 13 மி.மீ.க்கும் மேல். ஆகவே தாளில் ‘சரி’ என்று கையெழுத்து விழும். 12 டன் போன சுவடே தெரியாது. நீட்சி என்பது கேபிள் முழுவதற்குமான சராசரியைச் சொல்கிறது, தூரத்து முனையின் கதையை அது மழுப்பிவிடுகிறது. போதாததற்கு எஃகின் மீள்மைக் குணகம் ஆலைக்கு ஆலை, சுருளுக்குச் சுருள் இரண்டொரு விழுக்காடு மாறும். சுருளோடு வரும் சான்றிதழைப் பார்க்காமல் புத்தக எண்ணைப் போட்டால், ஒரு பிழை இன்னொரு பிழையை மூடி, அளவு அச்சாகப் பொருந்தியும் நிற்கும். எல்லாத் தாளிலும் நீட்சி அப்படிப் பொருந்தி வந்தால், எனக்கு நிம்மதியைவிடச் சந்தேகமே அதிகம்.

குழாய் வெளிப்படையாகக் கெட்டிருந்தால் நீட்சி காட்டிக்கொடுக்கும். ஒரு தளத்தில், திருப்பத்தூர்ப் பக்கத்துக்கார ஜாக் ஆபரேட்டர் ஒருவர் பம்பை நிறுத்திவிட்டு, “சார், பிரஷர் வந்துடுச்சு, எம்எம் வரல” என்றார். பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. கான்கிரீட் ஊற்றிய இரவில் வைப்ரேட்டர் ஊசி குழாயில் இடித்து, தாங்கு கம்பி நழுவி, ஒரு நசுங்கலில் சிமென்ட் பால் உள்ளே புகுந்திருந்தது. நேரமாகிறது, பம்பை இன்னும் கொஞ்சம் ஏற்றி மி.மீ.யை வரவழைத்துவிடலாம் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அந்த ஆபரேட்டர் கையை எடுத்துவிட்டார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத அவருக்கு, அழுத்தம் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது, மறுமுனைக்குப் போகவில்லை என்பது கையில் தெரிந்தது. கேபிளைத் தளர்த்தி, அடைப்பை நீக்கி, மறுபடி இழுக்க மறுநாள் ஆயிற்று. இந்தத் தொழிலை உண்மையில் காப்பாற்றி வருபவர்கள் இப்படிப்பட்டவர்கள். அவர்கள் பெயர் எந்தத் திறப்புவிழாக் கல்வெட்டிலும் இல்லை.

ஆனால் 12 டன் மாதிரி மெல்லிய பிழை கைக்கும் தெரியாது, அளவுகோலுக்கும் தெரியாது. அதைப் பிடிக்க வழி ஒன்றுண்டு, கடினமானதும் அல்ல. மறுமுனையிலும் ஒரு ஜாக்கோ விசையளவியோ வைத்து, இந்தப் பக்கம் இழுக்கும்போது அந்தப் பக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று நேரடியாக அளந்துவிடலாம். இரண்டின் விகிதம் போதும், உராய்வு கையில் வந்துவிடும். ஒரு கேபிளில் மட்டும் செய்தால் கோணத்தின் பங்கு எவ்வளவு, தள்ளாட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நீளம் ஒத்து, கோணம் மாறுபடும் இரண்டு கேபிள்களில் செய்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும், இரண்டு கெழுக்களும் தனித்தனியே வெளிப்படும். ஒரு பாலத்தின் தொடக்க ஸ்பான்களில் இதற்கு ஒருநாள் வேலை. பல நூறு கோடி ரூபாய்த் திட்டத்தில் அந்த ஒருநாளைச் செலவு என்று சொல்பவரோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

உராய்வை எதிரியாகவே சொல்லிக்கொண்டு போவதும் நியாயமில்லை. பூட்டும்போது ஆப்பு சுமார் 6 மி.மீ. உள்வாங்கும், கேபிள் அந்த அளவுக்குத் தளரும். அப்போது உராய்வு எதிர்த்திசையில் வேலை செய்து அந்தத் தளர்வை முனையோடு நிறுத்திவைக்கிறது. நம் உதாரணத்தில் 40 மீட்டரில் முதல் 15 மீட்டரோடு அது நின்றுவிடும். ஆகவே உராய்வு கூடாது என்பதல்ல என் வாதம். அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

தெரிந்துகொள்ளக் கிடைப்பதும் மிகச் சிறிய அவகாசம். கேபிளை இழுத்துப் பூட்டிச் சில நாளில் குழாய்க்குள் சிமென்ட் கிரவுட்டை அடைத்துவிடுவார்கள். துருப்பிடிக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் அடைத்த பிறகு உள்ளே எவ்வளவு விசை இருக்கிறது என்று நேரடியாக அளக்க எளிய வழி கிடையாது. பாலம் தனக்கு நேர்ந்ததை வெளியே காட்டுவதும் இல்லை. வேல்ஸில் இனிஸ்-ஈ-க்வாஸ் என்ற இடத்துப் பாலம் 1985 டிசம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தது. இணைப்புகளில் நீர் புகுந்து கேபிள் துருப்பிடித்திருந்தது. அதைத் தொடர்ந்த கவலைகளால் 1992 முதல் நான்கு ஆண்டுகள் பிரிட்டன், குழாயில் கிரவுட் அடைக்கும் இந்த வகைப் புதிய பாலங்களையே நிறுத்திவைத்தது. கோவாவின் மாண்டவி ஆற்றுப் பாலம் 1986 ஜூலை 5 அன்று விழுந்தது, அங்கும் துரு. இவை உராய்வுக் கணக்கால் விழுந்தவை அல்ல. நான் சொல்ல வருவது வேறு. கேபிளுக்கு உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்றால், அதை இழுத்த நாளின் பதிவு ஒன்றுதான் நமக்கு இருக்கும் சாட்சி. பிற்காலத்தில் பழுது வந்தால், தொடக்கத்தில் என்ன இருந்தது, இப்போது எவ்வளவு போய்விட்டது என்று ஒப்பிட அடிப்படையும் அதுதான். அந்தத் தாள் இல்லாத பாலத்துக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும்.

இன்று அந்தத் தாள் ஒப்பந்ததாரரின் கோப்பில் ஒன்று, ஆலோசகரின் கோப்பில் ஒன்று, துறையின் கோப்பில் ஒன்று என்று பிறக்கிறது. பில் பாஸ் ஆனதும் அதன் வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். பாலம் நூறாண்டு நிற்க வேண்டும். நிறுவனங்கள் கைமாறும், அதிகாரிகள் ஓய்வு பெறுவார்கள், கோப்பு செல்லரிக்கும். என் கோரிக்கை இது. பொதுப்பணத்தில் கட்டும் ஒவ்வொரு பாலத்துக்கும், மெட்ரோ உட்பட, ஒவ்வொரு கேபிளின் வடிவம், முப்பரிமாணத்தில் கணக்கிட்ட மொத்தக் கோணம், தளத்தில் அளந்த உராய்வுக் கெழு, ஜாக் அழுத்தம், நீட்சி, ஆப்பு உள்வாங்கிய அளவு, கிரவுட் அடைத்த தேதி ஆகியவை இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பு ஏற்கெனவே பாலங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டிருக்கிறது. அந்த எண்ணோடு இந்தத் தாள்களைக் கோத்துவிடலாம்.

மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். 2018 டிசம்பரில் எங்களுக்குப் பக்கத்து டிரினிட்டி மெட்ரோ நிலையத்தருகே தாங்கு விட்டத்தின் கான்கிரீட்டில் பொத்தல் இருப்பது தெரியவந்தது. ரயிலை மெதுவாக ஓட்டி, பிறகு எம்.ஜி. ரோடு பக்கம் சேவையைச் சில நாள் நிறுத்திச் சரிசெய்தார்கள். அது கேபிள் கோளாறு அல்ல. ஆனால் அந்த நாட்களில் மர்பி டவுன் தெருக்களில் புழங்கிய வதந்திகள் என் காதில் விழுந்தன. தூண் சாய்ந்துவிட்டது என்றார்கள், ரயில் விழப்போகிறது என்றார்கள். பயத்தைத் தந்தது தகவல் அல்ல, தகவல் இல்லாமைதான். தொழில் ரகசியம் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். 380 டன்னுக்கு இழுத்தேன், 265 மில்லிமீட்டர் வந்தது என்பதில் என்ன ரகசியம்? சாதாரண ஜனங்களுக்கு இது புரியாது என்பவர்களுக்கும் பதில் உண்டு. கிண்டியிலும் திருச்சியிலும் சூரத்கல்லிலும் கட்டடப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புரியும். அவர்கள் பாடப் புத்தகத்து உதாரணக் கணக்கை விட்டுவிட்டு, தங்கள் ஊர்ப் பாலத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் கண் பார்க்கும் தாளில் எண்ணைத் திருத்தி எழுதக் கை கூசும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடுமாறு அரசு அமைப்புகளுக்குச் சொல்கிறது. அதைச் செய்யும்வரை நாம் கேட்போம். உங்கள் ஊரில் புதிய மேம்பாலமோ மெட்ரோ பாதையோ எழுந்துகொண்டிருந்தால், அதைக் கட்டும் துறைக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். கேபிள் இழுத்த பதிவேட்டின் நகலையும், தளத்தில் உராய்வுச் சோதனை செய்த அறிக்கையையும் கேளுங்கள். சோதனை செய்யவில்லை என்று பதில் வந்தால், கிரவுட் அடைக்கும் முன் செய்யச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.